வண்டிக்கடியில் ஒரு பென்குவின்

கிளெனிஸ்: ...அதனால இன்னொரு தடவை சொல்லிடறேன். யாரும் எந்திரிக்கக் கூடாது. கையை நீட்டிக் காட்டக் கூடாது. போன் வெளிய வரவே கூடாது. நாம எல்லாரும் இப்ப கல்லு. கடற்கரையில கிடக்கற கல்லு. கல்லு அசையுமா? அசையாது. பேசுமா?

லயல்: கல்லுக்கு இருமல் வரலாமா?

கிளெனிஸ்: யாரது?

லயல்: கடைசி வரிசைங்க. தூணுக்குப் பக்கத்துல. டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். வயசானவங்க சலுகையில.

கிளெனிஸ்: இருமல் வந்தா கோட்டுக்குள்ள இருமுங்க... சார்.

லயல்: சரிங்க மேடம்.

கிளெனிஸ்: என் பேரு கிளெனிஸ். டாஸ்மேனியாவோட இந்த வடகரையில இருபத்தெட்டு வருஷமா பென்குவின் காட்டிட்டிருக்கேன். சம்பளம் கிடையாது, டீயும் பிஸ்கட்டும்தான். அந்தப் பக்கம் நிக்கறவங்க வால்மா. கயித்தைத் தாண்டி யாராவது காலை வெச்சா, அந்தக் காலு வால்மாவுக்குச் சொந்தம்.

வால்மா: கிளெனிஸ்... ஏய், இங்க வா. அந்தக் கடைசி ஆளைப் பாத்தியா?

கிளெனிஸ்: பாத்தேன்.

வால்மா: அது நம்ம...

கிளெனிஸ்: பாத்தேன்னு சொல்றேன்ல. நீ கயித்தைப் பாரு.

லயல்: மேடம், ஒரு சந்தேகம். மேட்டுல வரிசையா மரப்பெட்டி வெச்சிருக்கே, அது என்ன?

கிளெனிஸ்: வீடு. பென்குவின் மண்ணுல வளை தோண்டித்தான் முட்டையிடும். தோண்ட இடம் கிடைக்காததுங்களுக்காகப் பெட்டி. மொத்தம் நாப்பது.

லயல்: நல்லா செஞ்சிருக்காங்க. யாரு வேலை?

கிளெனிஸ்: உள்ளூர்த் தச்சர் ஒருத்தர்.

லயல்: கைகாரர்தான்.

கிளெனிஸ்: சுமார்தான். வாசலை ரொம்பப் பெருசா வெச்சுட்டார். உள்ள காக்கா பூந்துடும். நாப்பது வாசலுக்கும் நான் கல்லு பொறுக்கிட்டு வந்து அடைச்சேன்.

லயல்: ஓ. அவரு இப்ப எங்க இருக்காரு?

கிளெனிஸ்: செத்துட்டார்.

லயல்: அடடா! எப்படி?

கிளெனிஸ்: பிடிவாதத்துல.

லயல்: ...பாவம், நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேன்.

கிளெனிஸ்: தப்பாக் கேள்விப்பட்டிருக்கீங்க. சரி, எல்லாரும் இங்க கவனிங்க. பென்குவினைப் பத்தி ஒரு அழகான விஷயம். ஒரு தடவை ஜோடி சேந்தா, சாகற வரைக்கும் பிரியாது.

லயல்: நிஜமாவா?

கிளெனிஸ்: நிஜமா.

லயல்: ஒண்ணு கூடவா கோவிச்சுக்கிட்டுப் போகாது?

கிளெனிஸ்: சார், அலையைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க.

வால்மா: கிளெனிஸ்... இடது பக்கம். பாறைக்கு முன்னாடி.

கிளெனிஸ்: ஷ்ஷ்... மூச்சைக்கூட மெதுவா விடுங்க. அதோ... அலை பின்வாங்கறப்ப பாருங்க. கறுப்பா...

லயல்: எங்க? கடற்பாசிதான் கிடக்கு.

கிளெனிஸ்: அந்தப் பாசிக்குக் கால் இருக்கு. நல்லாப் பாருங்க. நாலு... எட்டு... ஒண்ணு பயந்து திரும்பி ஓடுது. அது ஓடினதும் எல்லாமே ஓடும். தினம் இதே கூத்துதான்.

லயல்: நம்ம நகர்மன்றம் மாதிரி.

கிளெனிஸ்: கல்லு பேசாது.

லயல்: ...அடேயப்பா. வருது. நடந்தே வருது. தள்ளாடுது பாரு, குடிச்சவன் மாதிரி... இவ்வளவுதானா? இத்தனூண்டா?

கிளெனிஸ்: ஒரு கெட்டில் உயரம். அவ்வளவுதான்.

லயல்: நான் வாத்தைவிடப் பெருசுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.

கிளெனிஸ்: ஒரு தடவையாவது வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்... சார்.

*

கிளெனிஸ்: எடுக்காத! வண்டியை எடுக்காத!

லயல்: சாவியே இன்னும் போடல...

கிளெனிஸ்: போடாத. கதவைச் சாத்தாத. உள்ள லைட்டை அணை. அப்படியே இரு.

லயல்: என்ன ஆச்சு? போலீஸா?

கிளெனிஸ்: கீழ குனிஞ்சு பாத்தியா? இந்த வண்டி நிறுத்தற இடத்துக்குள்ள நுழையறப்பவே ஆறடிக்குப் பலகை வெச்சிருக்கேன். 'புறப்படும் முன் குனிந்து பார்க்கவும்.' படிக்கத் தெரியும்ல?

லயல்: படிச்சேன். முட்டி மடங்க மாட்டேங்குது.

கிளெனிஸ்: நான் பாத்தேன். பின்சக்கரத்துக்கு முன்னாடி ஒண்ணு உக்காந்திருக்கு. இதோ, என் செவப்பு டார்ச்சுல பாரு.

லயல்: ...ஆமா. கண்ணு மின்னுது. என்னையே முறைக்குது.

கிளெனிஸ்: அதுவும் உன்னைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கும்.

லயல்: விரட்டிவிடேன்.

கிளெனிஸ்: விரட்டக் கூடாது.

லயல்: ஒரு குச்சியால லேசா...

கிளெனிஸ்: குச்சி என் கையில கிடைச்சா முதல் அடி உனக்குத்தான். தொடக் கூடாது, தட்டக் கூடாது, கத்தக் கூடாது. அதுவா எந்திரிச்சுப் போற வரைக்கும் வண்டி நகரக் கூடாது. சட்டம்.

லயல்: யாரு போட்ட சட்டம்?

கிளெனிஸ்: சர்க்கார் போட்டது. பலகை எழுதினது நான்.

லயல்: கிளெனிஸ், கப்பல் எட்டரைக்கு. ஏழே முக்காலுக்கு கேட்டைச் சாத்திடுவான். டெவன்போர்ட் துறைமுகத்துக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஓட்டணும். ஏழு இருபதுக்கு நான் இங்கேருந்து கிளம்பியாகணும்.

கிளெனிஸ்: எனக்கென்ன தெரியும் நீ கப்பல்ல போறன்னு?

லயல்: ஊருக்கே தெரியும்.

கிளெனிஸ்: ...கேள்விப்பட்டேன். வீட்டை வித்துட்டியாமே.

லயல்: காலையில சாவியைக் குடுத்துட்டேன். வாங்கினது சின்னப் புள்ளைங்க இருக்கற ஒரு குடும்பம். சமையல்கட்டுக்கு மஞ்சள் அடிக்கப் போறாங்களாம்.

கிளெனிஸ்: மஞ்சளா! உருப்படுமா அது?

லயல்: நானும் அதான் சொன்னேன்.

கிளெனிஸ்: லியான் வீட்டுலயா தங்கப் போற?

லயல்: பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. மெல்பர்ன்ல எறங்கி வடக்க டவுன்ஸ்வில் போகணும். நாலாவது மாடி. ஒரு ரூம் ஒதுக்கியிருக்கா. ஜன்னல்லேருந்து இன்னொரு கட்டடத்தோட ஜன்னல் தெரியுமாம்.

கிளெனிஸ்: அங்க வெயில் கொளுத்துமே. உனக்கு இங்க ஜனவரிக் கோடையிலேயே மூக்கு உரிஞ்சிடும்.

லயல்: ஏசி இருக்காம்.

கிளெனிஸ்: வண்டிப் பின்னாடி என்ன ஏத்தியிருக்க? அது புல்லு வெட்டற மெஷின்தானே?

லயல்: ஆமா.

கிளெனிஸ்: நாலாவது மாடியில எந்தப் புல்லை வெட்டப் போற?

லயல்: நல்ல மெஷின். விக்க மனசு வரல.

கிளெனிஸ்: வீட்டை விக்க மனசு வந்துச்சு. மெஷினை விக்க வரல.

லயல்: மெஷின் ராத்திரியில 'நீ மட்டும் எதுக்கு இவ்வளவு பெரிய வீட்டுல இருக்க'ன்னு கேக்காது.

கிளெனிஸ்: ...இது என்ன? நீல நாற்காலி... ரேடியோ... லயல், இது என் கெட்டில்!

லயல்: இல்ல.

கிளெனிஸ்: பிடியில கறுப்பு டேப் சுத்தினது நான். என் கெட்டிலேதான்.

லயல்: விவாகரத்துப் பேப்பர்ல கெட்டிலோட பேரு இல்ல. வேணும்னா வக்கீலைக் கேளு.

கிளெனிஸ்: பதினோரு வருஷமா என் கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சுக் குடிச்சிருக்க. திருட்டுப்பய.

லயல்: செத்தவனைத் திட்டாத.

கிளெனிஸ்: உறைச்சுதா?

லயல்: முப்பது பேரு முன்னாடி அடக்கம் பண்ணிட்ட. பக்கத்துல இருந்த ஜப்பான்காரம்மா எனக்காகத் தலை குனிஞ்சாங்க.

கிளெனிஸ்: நீ வம்புக்கு இழுத்த. நான் முடிச்சேன். நீ எதுக்கு வந்த? அதைச் சொல்லு முதல்ல. சேந்து இருந்த காலத்துல வருஷா வருஷம் கூப்பிட்டேன். 'ஒரே ஒரு நாள் வா லயல், ஒரு மணி நேரம் உக்காரு, போதும்'னேன். கால்பந்து இருக்கு, முட்டி வலி, மழை வரும், மீன் நாத்தம்... இன்னைக்குக் கப்பல் ஏறப் போறப்ப டிக்கெட் எடுத்துட்டு வந்து நிக்கற.

லயல்: நேரம் இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் சும்மா இருக்கணுமேன்னு...

கிளெனிஸ்: துறைமுகத்துக்கு எதிர்லயே குடிக்கற கடை இருக்கு. நேரம் போக்கறவன் அங்க உக்காருவான்.

லயல்: இங்க டிக்கெட்டுல சலுகை உண்டு.

கிளெனிஸ்: என் காதுல பூ சுத்தாத.

லயல்: ...நாப்பது பெட்டி செஞ்சவன், ஒரு பென்குவினைக்கூடப் பாக்காம ஊரை விட்டுப் போனா நல்லாருக்காதுன்னு தோணுச்சு. போதுமா? அதோட இந்தக் கல்லு பேச்சை நீ நம்ம படுக்கையறைக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாப்ப. இங்க எப்படிச் சொல்றன்னு கேக்கணும்னு... டீ வெச்சிருக்கியா?

கிளெனிஸ்: பிளாஸ்க்ல இருக்கு. சர்க்கரை போட்டது. உனக்கு ஆகாது.

லயல்: இன்னைக்கு ஆகும். குடு.

கிளெனிஸ்: அங்கயே உக்காரு, ஓட்டற சீட்டுல. காலை வெளிய தரையில வெச்சுக்க. நான் பின்னாடி போய்ப் பாத்துட்டு வரேன்.

லயல்: எப்படி இருக்கு? எந்திரிச்சுச்சா?

கிளெனிஸ்: எறக்கையைக் கோதிட்டிருக்கு. அவசரமே இல்ல மகாராணிக்கு.

லயல்: பொம்பளையா அது?

கிளெனிஸ்: அலகு மெலிசா இருக்கு. பொம்பளைதான்.

லயல்: நெனச்சேன். மணி என்ன?

கிளெனிஸ்: ஏழு எட்டு.

லயல்: ...கிளெனிஸ், அந்த ஜோடி பிரியாதுன்னு சொன்னியே. பொய்தானே?

கிளெனிஸ்: பச்சைப் பொய்.

லயல்: அப்புறம் எதுக்குச் சொல்ற?

கிளெனிஸ்: நாப்பது டாலர் குடுத்துக் குளிர்ல வந்து உக்காந்திருக்காங்க. பாதிப் பேரு தேனிலவு. அவங்ககிட்டப் போயி, முட்டை கெட்டுப்போன வருஷத்துல இந்தப் பறவைங்கள்ல பாதி ஜோடியை மாத்திடும்னு சொல்லவா? பக்கத்துப் பெட்டிக்கே குடி போயிடும். மூணாவது நாள் அங்க உக்காந்து கத்திட்டிருக்கும்.

லயல்: வெக்கங்கெட்டதுங்க.

கிளெனிஸ்: நம்மள மாதிரி பதினோரு வருஷம் உம்முனு இருக்காதுங்க.

லயல்: திரும்பி வர்றது உண்டா? பழைய ஆளுகிட்ட?

கிளெனிஸ்: ...எப்பவாவது. ஒரு ஜோடி ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணா வந்துச்சு. உடனே மூஞ்சியை அப்படி வெச்சுக்காத. அதுங்க மூளை கடலை அளவுதான்.

லயல்: நான் மூஞ்சியை எப்படியும் வெச்சுக்கல. இருட்டுல உனக்கு என்ன தெரியுது?

கிளெனிஸ்: முப்பத்தோரு வருஷம் பாத்த மூஞ்சி. லைட்டு வேணாம்.

லயல்: ...

கிளெனிஸ்: ...

லயல்: என்ன, பேச்சைக் காணோம்?

கிளெனிஸ்: ஒண்ணுமில்ல. டார்ச்சை அணைச்சுடறேன்.

லயல்: ஏன்?

கிளெனிஸ்: பேட்டரி. தீந்துடும்.

லயல்: ம்... ஆமா. அணைச்சுடு. அதுக்கும் கண்ணு கூசும்ல.

வால்மா: யாரது இருட்டுல? கிளெனிஸா? இன்னும் இங்க என்ன பண்ற? பஸ்ஸு போயி எவ்வளவு நேரமாச்சு... ஓ! லயல்.

லயல்: வணக்கம் வால்மா. நல்லாருக்கியா?

வால்மா: நீ செத்துட்டன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன்.

லயல்: அதான் போக விட மாட்டேங்கறாங்க. வண்டிக்கடியில பென்குவின்.

வால்மா: அடக் கடவுளே. கப்பலு?

கிளெனிஸ்: அது போனாத்தான் இவரு போவாரு.

வால்மா: மேட்டுப் பாதையில இப்ப ஒண்ணு தன்னந்தனியா ஏறிட்டுப் போச்சே. பதினோராம் பெட்டிப் பக்கம். அதுவா இருக்குமோ?

கிளெனிஸ்: அது வேற.

வால்மா: பாத்தியா நீ?

கிளெனிஸ்: அது பதினோராம் பெட்டிக்காரி, வால்மா. தினம் லேட்டாத்தான் வருவா. இது வேற.

வால்மா: வேணும்னா நான் குனிஞ்சு ஒரு தடவை...

கிளெனிஸ்: இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம்கூட ஆகல, குனியறாளாம்! நீ வீட்டுக்குக் கிளம்பு. கேட்டை நான் பூட்டிக்கறேன்.

வால்மா: சரி சரி, கத்தாத. லயல், நல்லபடியாப் போயிட்டு வா. லியானைக் கேட்டேன்னு சொல்லு.

லயல்: சொல்றேன். பாத்துப் போ.

கிளெனிஸ்: ...நல்லவதான். வாய்தான் ஓயாது.

லயல்: ம்.

கிளெனிஸ்: என்ன நாத்தம் இது? குப்புன்னு அடிக்குது.

லயல்: நாத்தமா? உன் கோட்டுதான். இருபத்தெட்டு வருஷ மீன்.

கிளெனிஸ்: கோட்டைப் போன வாரம்தான் தோச்சேன்.

லயல்: துவைச்சாப் போகாது அது. இந்த நாத்தத்தோடதானே தினம் சாயங்காலம் வீட்டுக்குள்ள வருவ. நான் தனியா உக்காந்து சாப்பிட்டு முடிச்சிருப்பேன்.

கிளெனிஸ்: ஆரம்பிச்சுட்டியா?

லயல்: நான் எதையும் ஆரம்பிக்கல. டீ நல்லாருக்கு.

கிளெனிஸ்: இல்ல, சொல்லிடு. மனசுல வெச்சுக்கிட்டுக் கப்பல் ஏறாத.

லயல்: ...என் அம்பத்தஞ்சாவது பிறந்தநாள்.

கிளெனிஸ்: தெரியும். அதுக்குத்தான் வருவன்னு தெரியும்.

லயல்: கேக்கு வாங்கி வெச்சிருந்த. மெழுகுவர்த்தி குத்தியாச்சு. தீப்பெட்டியைக் கையில எடுத்துட்ட. போன் அடிச்சுது. எந்திரிச்சுப் போயிட்ட.

கிளெனிஸ்: அன்னைக்குப் பென்குவின் கணக்கெடுப்பு லயல். எல்லாக் கரையிலயும் ஒரே சாயங்காலம் எண்ணணும். வருஷத்துக்கு ஒரு நாள். எண்ண வேண்டியவளுக்குக் காய்ச்சல். நான் என்ன பண்ணட்டும்?

லயல்: பிறந்தநாளும் வருஷத்துக்கு ஒரு நாள்தான்.

கிளெனிஸ்: ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன்.

லயல்: ஒன்பதரைக்கு வந்த.

கிளெனிஸ்: தூண்டில் நரம்புல ஒண்ணு மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. கழுத்தை அறுத்துடும். விட்டுட்டு வரச் சொல்றியா? வந்து பாத்தா கேக்கே இல்ல. முழுக் கேக்கையும் நீ ஒருத்தனே தின்னுட்டு உக்காந்திருக்க. எனக்கு ஒரு துண்டு வெக்கல.

லயல்: வெச்சேன்.

கிளெனிஸ்: எங்க வெச்ச?

லயல்: அடுப்பு மேடையில. மெழுகுவர்த்தி இருந்த துண்டு. ஏழு மணிக்கு வெச்சேன். எட்டு வரைக்கும் இருந்துச்சு. ஒன்பது வரைக்கும் இருந்துச்சு. ஒன்பதே காலுக்கு அதையும் தின்னுட்டேன். எனக்கு அன்னைக்கு அழுகையா வந்துச்சு கிளெனிஸ். அழ வெக்கமா இருந்துச்சு. அதனால தின்னேன்.

கிளெனிஸ்: ...பதினஞ்சு நிமிஷம்.

லயல்: மூணு நாள் வயித்தால போச்சு.

கிளெனிஸ்: தெரியும். துணி அலசினது நான்தானே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல, துண்டு வெச்சேன்னு?

லயல்: நீ வந்ததும் வராததுமா, 'உன் பெட்டியில ஒரு பறவைகூட அண்ட மாட்டேங்குது, வாசலை வெச்ச லட்சணம் அப்படி'ன்ன. அதுக்கப்புறம் துண்டைப் பத்தி எங்க பேசறது?

கிளெனிஸ்: ...அது பொய்.

லயல்: எது?

கிளெனிஸ்: பெட்டி விஷயம். கோவத்துல சொன்னது. அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல.

லயல்: என்ன சொல்ற நீ?

கிளெனிஸ்: நாப்பதும் நெறஞ்சிருக்கு. முதல் வருஷத்துலேருந்தே. வாசல் பெருசா இருக்கறதால ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நின்னு மூஞ்சியை நீட்டிக்கிட்டுக் கத்தும். மத்த ஊர்ப் பெட்டியில அப்படி முடியாது, ஒண்ணுதான் எட்டிப் பாக்கும். வேற கரைக்காரங்க வந்து உன் பெட்டியை அளவெடுத்துட்டுப் போனாங்க.

லயல்: காக்கா பூந்துடும்னியே?

கிளெனிஸ்: ஒரே ஒரு தடவை பூந்துச்சு. கல்லு வெச்சது ஆறு வாசலுக்குத்தான்.

லயல்: பதினோரு வருஷம்... அந்தப் பக்கமே வராம சுத்திக்கிட்டுப் போவேன். என் பெட்டியெல்லாம் காலியாக் கிடக்கறதைப் பாக்கக் கூடாதுன்னு. தெரியுமா உனக்கு?

கிளெனிஸ்: தெரியாது. தெரிஞ்சிருந்தா... தெரியாது லயல். மன்னிச்சுக்க.

லயல்: மணி என்ன?

கிளெனிஸ்: ஏழு பதினெட்டு.

லயல்: ஓ.

கிளெனிஸ்: லயல், நான் ஒண்ணு சொல்லணும்.

லயல்: டீ இன்னும் இருக்கா?

கிளெனிஸ்: இருக்கு. கேளு, இப்பவே சொல்லணும், இல்லேன்னா...

லயல்: இந்தக் கப்புல ஊத்து. நெறைய.

கிளெனிஸ்: லயல்!

லயல்: அவசரமா எதையும் சொல்லாத. நீ அவசரமா சொன்னதுல எதுவுமே உருப்பட்டதில்ல. டீயைக் குடிச்சுக்கறேன். அப்புறம் சொல்லு.

கிளெனிஸ்: ...வேகமா ஓட்டினா ஏழரைக்குக் கிளம்பினாக்கூடப் பிடிச்சிடலாம்.

லயல்: நானா? வேகமாவா?

கிளெனிஸ்: அதுவும் சரிதான். ஆம்புலன்ஸுக்கு வழி விட்டுட்டு அதுக்குப் பின்னாடியே மெதுவாப் போறவன் நீ.

லயல்: பிஸ்கட் இருக்கா?

*

கிளெனிஸ்: அதோ... முனைக்கு அந்தப் பக்கம். விளக்கு வரிசையா தெரியுதா? உன் கப்பல்.

லயல்: பெருசாத்தான் இருக்கு.

கிளெனிஸ்: காலையில மெல்பர்ன் போயிடும்.

லயல்: போகட்டும். தூரத்துலேருந்து பாக்க நல்லாருக்கு. உள்ள ஏறினா வாந்தி வரும்.

கிளெனிஸ்: லியான்கிட்ட என்ன சொல்லுவ?

லயல்: பென்குவின்னு சொல்லுவேன்.

கிளெனிஸ்: நம்புவாளா?

லயல்: அம்மா காரியம்னு தெரிஞ்சா நம்பிடுவா.

கிளெனிஸ்: எங்க தங்குவ இன்னைக்கு? வீட்டுச் சாவியைத்தான் குடுத்துட்டியே.

லயல்: வண்டியிலதான். நாற்காலி இருக்கு, ரேடியோ இருக்கு. கெட்டில் இருக்கு.

கிளெனிஸ்: அது என் கெட்டில்.

லயல்: அப்ப அது போற வீட்டுக்கு நானும்...

கிளெனிஸ்: வழியாத. முன்ரூம்ல சோபா இருக்கு. கால் நீட்ட முடியாது. ஒரே ஒரு ராத்திரி.

லயல்: ஒரே ராத்திரி.

கிளெனிஸ்: நாளைக்குக் கப்பல் இருக்கு.

லயல்: நாளைக்கு இருக்கு. நாளன்னைக்கும் இருக்கு. தினம் விடறான். ...ஆனா எப்படிக் கிளம்பறது? அடியில அது இருக்கே.

கிளெனிஸ்: திட்டக் கூடாது.

லயல்: திட்டல.

கிளெனிஸ்: கத்தக் கூடாது. பறவைங்க தூங்குது.

லயல்: சொல்லித் தொலை.

கிளெனிஸ்: அது போயி ஒண்ணரை மணி நேரமாச்சு லயல். டார்ச்சை அணைச்சேனே, அப்பவே போயிடுச்சு. என் கண்ணு முன்னாடி எந்திரிச்சு உன் கதவுப் பக்கமாப் போச்சு. வால்மா பாத்தது அதைத்தான். உனக்கு நேரம் இருந்துச்சு. கப்பலைப் பிடிச்சிருக்கலாம். நான்தான் சொல்லல. சொல்லணும்னு பாத்தேன், நீ டீ டீன்னு... வாயைத் தொறந்து ஏதாவது பேசு. திட்டவாவது செய்.

லயல்: எனக்குத் தெரியும் கிளெனிஸ். அது போறப்ப என் பூட்ஸ் மேல ஏறி நின்னு, சாவகாசமா எச்சம் போட்டுட்டுத்தான் போச்சு. உன் கோட்டு மேல பழியைப் போட்டுட்டு ஒண்ணரை மணி நேரமா இந்தக் காலை நகத்தாம உக்காந்திருக்கேன்... நீதானே சொன்ன, கல்லு அசையாதுன்னு?